வெள்ளிக்குள் ஒரு சொல்: வெலோசிட்டி

சுங்கை சிப்புட்:
வணக்கம். டேப்லட் பியானோ வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வெலோசிட்டிக்குத் தமிழ்ச்சொல் வேண்டும். கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுமுனைகள். ஒன்று இணைந்து மற்றது இணைவதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கீபோர்டு கணக்கிட்டு, 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கி மிடி (இசைக்கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் முறை) வழியே அனுப்பும். அந்த எண்தான் வெலோசிட்டி. 0 வந்தால் கட்டையை விட்டதாகப் பொருள். மெல்லிய ஒலிப்பதிவை எடுப்பதா உரத்ததை எடுப்பதா என்று டேப்லட்டில் உள்ள பியானோ செயலி இந்த எண்ணை வைத்தே முடிவு செய்கிறது.

தெலுக் இந்தான்:
‘அழுத்தம்’ போதுமே.

சுங்கை சிப்புட்:
போதாது. கட்டை அடிவரை போன பிறகும் அழுத்திப் பிடித்தால் சில கீபோர்டுகள் ஆஃப்டர்டச் என்று தனியாக அனுப்பும். அழுத்தம் அதற்கு வேண்டும். ‘வேகம்’ என்றால் பிள்ளைகள் தாளத்தை ஓட்டிவிடுவார்கள்.

தைப்பிங்:
இயற்பியலில் திசைவேகம். இங்கே மலேசியாவில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் மலாயில் ‘ஹலாஜு’ என்பார்கள்.

தெலுக் இந்தான்:
கீழே மட்டும் போகிற கட்டைக்குத் திசை எதற்கு சார்?

பகாவ்:
தொல்காப்பிய உரியியல் இருக்கக் கவலை ஏன்? ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள.’ துனைவு என்க. துனைவு 90, துனைவு 110. எவ்வளவு கச்சிதம்! கடி என்னும் உரிச்சொல்லுக்கும் விரைவுப் பொருள் உண்டு. கடிது, கடுகுதல் எல்லாம் அந்தக் குடும்பமே. ‘கடுகல்’ என்றும் ஆக்கலாம்.

தெலுக் இந்தான்:
ஐயா, துனைவைத் துணைவன் என்று படிப்பார்கள். கடுகலைக் கண்டால் தாளிக்கப் போய்விடுவார்கள்.

தைப்பிங்:
தொடுவிசை?

பகாவ்:
விசைப்பலகையில் விசை என்பதே கட்டைதானே. ‘தொடுவிசை 64’ என்றால் 64ஆம் கட்டையைத் தேடுவான். அந்தக் ‘கட்டை’யும் சரியில்லை. ஆர்மோனியக்காரர்கள் ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி. அது சுருதிக்குரிய சொல்.

சுங்கை சிப்புட்:
கட்டையில் கை வைக்காதீர்கள் ஐயா, ஊரே அப்படித்தான் சொல்கிறது. பத்தியைப் பாருங்கள்:

“மெல்லத் தட்டினால் 20–40, ஓங்கித் தட்டினால் 110க்கு மேல் வரவேண்டும். எப்படித் தட்டினாலும் ஒரே எண் வந்தால், கீபோர்டில் நிலையெண் அமைப்பு (எப்போதும் ஒரே எண்ணை அனுப்புவது) இயங்குகிறது, அல்லது அது தட்டும் விதத்தை உணராத கீபோர்டு. லேசான கட்டைகளில் சட்டென்று 127 வந்துவிட்டால், செயலியில் வரும் எண்ணைக் கூட்டிக் குறைக்கும் வளைகோட்டின் நடுவைக் கீழே இறக்கவும். ஓங்கியும் 90 தாண்டாவிட்டால் மேலே ஏற்றவும். ஒலி பிந்தினால் வளைகோட்டைத் தொடாதீர்கள்; முதலில் புளூடூத் ஹெட்போனைக் கழற்றிக் கம்பி ஹெட்போன் போடவும்.”

இதில் ‘தட்டும் விதம்’ என்ற இடத்தில் ‘தட்டுவிரைவு’ போடலாமா?

தைப்பிங்:
போடலாம். வேறு வழியில்லை.

தெலுக் இந்தான்:
சரி. முதல் பக்கத்தில் மட்டும் வெலோசிட்டியையும் சேர்த்துப் போடுங்கள். செயலியில் அந்தப் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

பகாவ்:
தட்டுவிரைவு விளக்கம்தானே தவிர, சொல் அன்று. என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியை நீட்டும் பெடலுக்கு என்ன செய்தீர்கள்? ‘மிதி’ இருக்கிறதே.

சுங்கை சிப்புட்:
பெடல் என்றே விட்டிருக்கிறேன். அதை மிதித்தபடியே கீபோர்டைத் திறந்தால் பலவற்றில் தலைகீழாக வேலை செய்யும்: காலை எடுத்தால் ஒலி நீளும், மிதித்தால் அறுந்துவிடும். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி திறக்கவும் என்று ஒரு வரி சேர்த்தாயிற்று. அச்சுக்கு அனுப்புகிறேன்.