'ஆமாக்கே', 'சரிக்கே': பேச்சுல வச்சுக்கலாமா?

முதுநகர்க்காரன்:
கடலூர்ல எங்க கடைப் பசங்க 'ஆமா'வையும் 'ஓகே'வையும் ஒட்டி 'ஆமாக்கே'ங்கிறாங்க. 'சரி'யோட ஒட்டினா 'சரிக்கே'. எனக்கு இது பிடிக்கல. 'நெய்வேலி பார்சல் ஏத்தியாச்சா?'ன்னு வாட்ஸ்அப்ல கேட்டேன். 'ஆமாக்கேண்ணே'ன்னு பதில். ஏத்திட்டான்னு நான் இருந்துட்டேன். அவன் சொன்னது, 'சரி, ஏத்திடுறேன்'. பஸ் போயிடுச்சு. நடந்ததுக்கு 'ஆமா', செய்யப்போறதுக்கு 'சரி'. ரெண்டையும் கலந்தா யாவாரம் எப்படி ஓடும்?

பாண்டிப் பொண்ணு:
அண்ணே, அவன் 'ம்'னு போட்டிருந்தாலும் பஸ் போயிருக்கும். இப்பல்லாம் சாட்ல வெறும் 'சரி' போட்டா 'கோவமா?'ன்னு கேக்குறாங்க. 'பசிக்குதுடி, பரோட்டா சாப்பிடப் போலாமா?'ன்னு ஃப்ரெண்டு கேக்குறா. எனக்கும் பசி, நானும் வர்றேன். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே 'ஆமாக்கே'. இதுல என்ன கெட்டுப்போச்சு?

மிஷன் வீதி:
சொல்தா குடும்பம் நாங்க, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்க குடும்பம். வீட்டுல பிரெஞ்சு புழங்கும். அதுலயும் ஆமாவுக்கு 'உய்', சம்மதத்துக்கு 'தகோர்'னு தனித்தனியாத்தான் இருக்கு. தமிழ்ல இன்னொரு சிக்கல் உண்டும்மா. 'நீ வரலையா?'ன்னு கேட்டு 'ஆமா'ன்னா, வரலைன்னு அர்த்தம். அங்க 'ஆமாக்கே'ன்னா வர்றியா, வரலையா?

நெல்லிக்குப்பம் டீச்சர்:
ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஆனா விளையாட்டா பிறந்த சொல்லுன்னு தள்ளிடாதீங்க. 'ஓகே'யே 1839ல பாஸ்டன் பத்திரிகை ஒண்ணுல, 'எல்லாம் சரி'ங்கிறதுக்கான இங்கிலீஷ் சொற்களை வேணும்னே தப்பா எழுதி, முதலெழுத்தை மட்டும் எடுத்துப் போட்ட கேலிதான். நாம 'நடுசென்டர்', 'கேட்டுவாசல்'னு ஒட்டிப் பேசாமலா இருக்கோம்? என் குறை வேற. 'சரிங்க', 'ஆமாங்க' வாயில தானா வருது. 'ஆமாக்கேங்க'ன்னு எந்தப் பிள்ளையும் பெரியவங்ககிட்ட சொல்லி நான் கேட்டதில்ல. அதனால அது கூட்டாளிங்களுக்குள்ள மட்டும் நிக்கிற சொல்லு.

பாண்டிப் பொண்ணு:
அதைத்தான் டீச்சர் நானும் சொல்றேன், எங்களுக்குள்ள இருக்கட்டும். தாத்தா, 'வரலையா?'ன்னா நாங்க 'வரல'ன்னே சொல்லிடுவோம். பார்சலுக்கும் அப்படித்தான். 'ஏத்தியாச்சா?'ன்னா 'ஏத்தியாச்சு', இல்லன்னா 'இன்னும் இல்ல'. பசங்ககிட்ட அதைக் கேட்டு வாங்குங்கண்ணே.

முதுநகர்க்காரன்:
அது சரிதான், நாளையிலேர்ந்து அப்படித்தான் பதில் போடணும்னு சொல்லிடுறேன். ஆனா கடை குரூப்ல 'ஆமாக்கே'வுக்கு இடம் கிடையாதும்மா. டீக்கடையில நின்னு பேசும்போது சொல்லிக்கட்டும்.