தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம்?

கோலப்பொடி:
வயது 64. சர்க்கரை இல்லை, பிரஷருக்கு மட்டும் மாத்திரை. வாசலில் கோலம் போடக் குனிந்தால் தொடையின் பின்பக்கம் சுண்டி இழுக்கிறது. போன வாரம் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். எழ முடியாமல் ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்தால் கதவுதான் திறந்துகொண்டது! மருமகள் சிரித்துக்கொண்டே வந்து தூக்கிவிட்டாள். யூடியூப் பார்த்து, நின்றபடி குனிந்து கால் விரலைத் தொட முயன்றதில் இரண்டு நாள் இடுப்புவலி. ஜிம்முக்கெல்லாம் போக மாட்டேன். வேறு வழி உண்டா?

மாடிப்படி71:
எனக்கும் இதே கதைதான் அம்மா. இழுப்பதைவிட முதலில் தொடைக்கு பலம் வேண்டும். கைவைத்த நாற்காலி வேண்டாம். சாதாரண மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணுங்கள், அதில்தான் விஷயமே. முடியாவிட்டால் ஒரு தலையணை போட்டு உயரம் கூட்டுங்கள். 30 விநாடியில் எத்தனை முறை என்று எண்ணுவது ஒரு பரிசோதனை. 60–64 வயதுப் பெண்களுக்கு 12-க்குக் கீழ் என்றால் கால் பலம் குறைவு என்று கணக்கு. நான் ஆரம்பித்தபோது 6! பால் பொங்கும்வரை மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவேன்.

பிசியோமகள்:
மூச்சை அடக்கி எழாதீர்கள், பிரஷர் ஏறும். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு அடர்த்தி குறையும், அதனால் முதுகை வளைத்துக் குனியும் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். கட்டிலில் மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டை மாட்டி, காலை மெல்ல உயர்த்துங்கள். இழுப்பு தெரிந்ததும் 30 விநாடி அப்படியே நிறுத்துங்கள். குலுக்கக் கூடாது. காலையில் எழுந்த உடனே செய்யாமல் கொஞ்சம் நடந்துவிட்டுச் செய்யுங்கள். நாற்காலிப் பயிற்சி வாரம் மூன்று நாள் போதும். கால் மரத்துப் போனாலோ வலி கீழே இறங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கோலப்பொடி:
இன்று எண்ணிப் பார்த்தேன், 8. பேரன் ஸ்டாப்வாட்ச் பிடித்து, "பாட்டி, கடைசி ஒன்று அழுகுணி" என்றான். சரி, 7 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலது முட்டி மட்டும் சொடக்குப் போடுகிறது, வலி இல்லை. பரவாயில்லையா?

பிசியோமகள்:
வலியும் வீக்கமும் இல்லையென்றால் சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். பேரனையே நடுவராக வைத்துக்கொள்ளுங்கள்.