இல்லம் தேடிக் கல்வி: அந்த 24 சதவீதம்

வேலூர் வாத்தியார்:
கொரோனாவுக்கு அப்புறம் தன்னார்வலர்களை வெச்சு மாலையில பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை வெறும் விளம்பரம்னு ஒதுக்குறவங்க கவனிங்க. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன்னு பொருளாதார ஆய்வாளர்கள் மூணு பேர் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைங்களைச் சோதிச்சாங்க. கொரோனாவுல விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாசத்துல திரும்பிடுச்சு. அதுல 24% இந்த மாலை வகுப்பால. தன்னார்வலருக்குக் கொடுத்த மாசம் 1000 ரூபா ஊக்கத்தொகைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

கணக்குப்புலி:
மிச்சம் 76%? பள்ளிக்கூடம் திறந்ததுதானே பெரிய மருந்து! அதோட, யார் மாலை வகுப்புக்குப் போகணும்னு குலுக்கிப் போட்டு முடிவு பண்ணலை. அக்கறையா அனுப்புற அம்மாவோட பிள்ளை எப்படியும் தேறியிருக்கும்.

வேலூர் வாத்தியார்:
அதுக்குத்தான் அதே பிள்ளையோட பழைய மதிப்பெண்ணையும் கணக்குல எடுத்தாங்க. குலுக்கல்தான் வேணும்னா, பிரதம்ங்கிற கல்வித் தொண்டு அமைப்போட பாலசகி திட்டத்தைப் பத்தி மும்பையிலயும் வதோதராவிலயும் 2001ல தொடங்கின ஆய்வைப் பாருங்க. பின்தங்கின 15–20 பேரை உள்ளூர்ப் பொண்ணு ஒருத்தர் தினம் ரெண்டு மணி நேரம் தனியா உட்கார வெச்சுச் சொல்லிக்கொடுத்தார். ரெண்டாம் வருஷம் மதிப்பெண் 0.28 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்குன்னு காட்டுற அளவு) ஏறிச்சு. வகுப்புலயே இருந்த பிள்ளைங்களுக்குக் கூட்டம் குறைஞ்சும் பலன் தெரியலை.

கணக்குப்புலி:
அதே ஆய்வுல, திட்டம் முடிஞ்ச அடுத்த வருஷம் என்னாச்சு? சுமார் 0.1ஆ கரைஞ்சுபோச்சு. அதை மட்டும் எந்த மேடையிலயும் சொல்ல மாட்டாங்க. இன்னொரு ஆய்வுல, உத்தரப்பிரதேசம் ஜான்பூர்ல வாசிப்பு முகாமுக்கு வந்த பிள்ளைங்க முன்னேறினது நிஜம். ஆனா பிள்ளைங்கள்ல வந்தது 8 சதவீதம்தான்.

சாயங்கால அக்கா:
நான் தன்னார்வலரா இருந்தவ. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. வாத்தியார் முதல்ல சொன்ன தமிழ்நாட்டு ஆய்வுலயே, கணக்குல வந்த முன்னேற்றத்துல ஏறக்குறைய பாதிதான் தமிழ்ல. எனக்கு அது ஆச்சரியமா இல்லை. 'கொக்கு'ன்னு எழுதிக் கொடுத்தா, கொம்பைப் பார்த்ததும் 'கெ'ன்னுடுவான், பின்னால வர்ற காலைப் பார்த்துத் திகைச்சு நிப்பான். அது பிடிபட ஒரு பிள்ளைக்கு நாலு நாள், இன்னொருத்தனுக்கு நாலு மாசம். கூட்டல் அப்படியில்ல, விரல் இருக்கே.

கணக்குப்புலி:
அப்போ 'கொ'வுல நிக்கிற பிள்ளைங்க எத்தனை பேர் தாண்டினாங்கன்னு தனியா எண்ணணும்க்கா. சராசரியில அவங்க தெரியவே மாட்டாங்க.

சாயங்கால அக்கா:
எண்ணுங்க தம்பி. ஆனா என் தெருவுல ரொம்பப் பின்தங்கினவன் அஞ்சு மணிக்கு ஆடு ஓட்டிட்டு வரப் போயிடுவான். பத்து நாளைக்கு ஒரு தடவை தலைகாட்டினா அதிசயம். அவனை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?