அமெரிக்க உதவி நின்றது: நம் காசில் சமாளிக்க முடியாதா?

சாட்ஸ்வொர்த்வாசி:
2025 ஜனவரியில் டிரம்ப் வெளிநாட்டு உதவியை நிறுத்தினார். பிப்ரவரியில் நம் தென்னாப்பிரிக்காவுக்கு உதவியை நிறுத்தவென்றே தனி ஆணை போட்டார். என்னைக் கேட்டால் நல்லதுக்குத்தான். நம் எச்ஐவி செலவில் பெப்ஃபார் என்ற அமெரிக்காவின் எச்ஐவி உதவித் திட்டம் தந்தது சுமார் 17 சதவீதம். மாத்திரைகளில் பெரும்பங்கை நம் அரசே வாங்குகிறது. 2003இல் தொடங்கியது, இன்னும் எத்தனை வருடம் கை நீட்டுவது?

பீனிக்ஸ்_நர்ஸ்:
அண்ணா, அந்த 17 சதவீதம் எதற்குப் போனது என்று பாருங்கள். 15,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் சம்பளம் அதில்தான் வந்தது. மாத்திரை வாங்க வராதவரை வீடு தேடிப் போகிறவர், பரிசோதனைக்கு வருபவரிடம் உட்கார்ந்து பேசுகிறவர், யாருக்கு வைரஸ் அளவு ஏறியது என்று பதிவு செய்கிறவர். இவர்கள் போய்விட்டால் மருந்து கிளினிக்கில் இருக்கும், ஆள் வரமாட்டார். மருந்தை விட்டால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகும். ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. அவர் மருந்தை விட்டால் துணைக்கும் ஆபத்து. அதுவும் தொற்று மிக அதிகமுள்ள நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்!

சாட்ஸ்வொர்த்வாசி:
சரி தங்கச்சி, அந்த ஊழியர்களை அரசு எடுத்துக்கொள்ளட்டும். பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று 2001இல் நைஜீரியாவின் அபுஜாவில் ஆப்பிரிக்க நாடுகள் வாக்குக் கொடுத்தன. அதைக் கேட்க வேண்டாமா? தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடு என்று 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட்டதே, அது பெப்ஃபார் வருவதற்கு முன்பு நம் மக்கள் வழக்குப் போட்டு வாங்கியது.

மாரிட்ஸ்பர்க்_கடை:
நானும் வரி கட்டுகிறவன், நம் காசில் நடக்கட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் ஆராய்ச்சியை மறந்துவிட்டீர்கள். ஆப்பிரிக்க விஞ்ஞானிகளே முன்னின்று நடத்தவிருந்த எச்ஐவி தடுப்பூசிச் சோதனை, அமெரிக்க வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எயிட்டின் பணம் நின்றதால் தொடங்கும் நேரத்தில் முடங்கியது. அதைப் பிச்சை என்று எப்படிச் சொல்வது?

பீனிக்ஸ்_நர்ஸ்:
அபுஜா வாக்கைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். என் சண்டை வேகத்தோடுதான். ஐந்து வருடத்தில் படிப்படியாகக் குறைத்திருந்தால் ஆளை மாற்றி, பட்ஜெட் ஒதுக்கியிருக்கலாம். ஒரே வாரத்தில் ‘வேலையை நிறுத்து’ என்று கடிதம் வந்தது. இந்தப் பள்ளத்தை நிரப்ப 2025 ஜூலையில் நம் கருவூலம் தந்தது 75 கோடி ராண்டுக்குச் சற்று மேல். பெப்ஃபார் ஆண்டுக்குத் தந்தது 700 கோடிக்கும் மேல்.

சாட்ஸ்வொர்த்வாசி:
அந்த வித்தியாசத்தை மாகாண சட்டமன்றத்தில் கேட்க வேண்டும், வாஷிங்டனில் அல்ல. அதில் நான் மாறமாட்டேன்.