அடிக்கீலில் மட்டும் துரு

2019 கோடையில் சென்னை தாம்பரம் பக்கம் முடிச்சூரில் ஒரு தனி வீடு பார்க்கப் போனோம். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். வீடு முழுக்கப் புது பெயின்ட். அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

கூட வந்த மாமனார் தச்சு வேலை பார்த்தவர். சுவர் பக்கமே திரும்பாமல், படுக்கையறைக் கதவைத் திறந்து குனிந்தார். மேல் இரண்டு கீலும் பளபளவென்று இருந்தன. அடிக்கீலில் மட்டும் துரு. கதவின் கீழ்ப்பக்கம் உப்பியிருந்தது. "மாப்ள, இதைப் பாருங்க. முழங்கால் அளவுக்குத் தண்ணி நின்னிருக்கு."

தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மாவிடம் 2015 வெள்ளத்தைப் பற்றிக் கேட்டோம். யோசிக்கவே இல்லை, ஈபி கம்பத்தில் தன் நெஞ்சு உயரத்தில் கை வைத்தார். "இதோ, இதுவரைக்கும்பா. மூணு நாள் மொட்டை மாடியிலதான் கெடந்தோம்."

புரோக்கரோ, "செம்பரம்பாக்கம் திறந்தாத்தான் சார் பிரச்சனை, அது என்னைக்கோ ஒரு நாள்" என்றார். அது தப்பு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கம், முடிச்சூரைத் தாண்டி. முடிச்சூர், வரதராஜபுரத்துக்கு ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பினாலே போதும். அங்கே வீடு பார்ப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

—

அண்ணா, நானும் விசாரித்துத்தான் வாங்கினேன். வேளச்சேரி, தரைத்தளம். 2015இல் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்களே சொன்னார்கள். பொய் இல்லை. ஆனால் அதற்கப்புறம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி தார் போட்டிருக்கிறார்கள். இப்போது கேட்டைத் திறந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். வாங்கும்போது இது என் கண்ணில் படவே இல்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வாசலில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் இருந்தோம். தண்ணீர் வந்தது பாத்ரூம் ஓட்டை வழியாக! கருப்பாக, சாக்கடை நாற்றத்தோடு. அம்மாவை நாற்காலியோடு தூக்கித்தான் மாடிக்குக் கொண்டுபோனோம்.

—

தம்பி, அம்மா நலமா? ரோட்டு மட்டம் எனக்கும் தோன்றாத விஷயம். நாங்கள் கடைசியில் வேறு ஏரியாவில் வாங்கினோம். கிராம வரைபடத்தில் சர்வே நம்பரைச் சுற்றி ஏரி, வாய்க்கால் இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். பிறகு ஐப்பசி அடைமழையில் ராத்திரி ஒன்பது மணிக்கு, குடையோடு அந்தத் தெருவில் போய் நின்றோம். தண்ணீர் கணுக்காலுக்குக்கூட வரவில்லை. மறுநாள்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.