கன்றை ஊட்டவிட்டுக் கறப்பதா, பிறந்ததுமே பிரிப்பதா? தொழுவம், பால்செம்பு, கிடாரி என்ற பெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.

தொழுவம்:
மூன்று நான்கு கறவை மாடு, வீட்டு ஆட்களே வேலை பார்க்கும் பண்ணை. இங்கே கன்றைப் பிறந்த அன்றே பிரித்துவிட வேண்டும் என்கிறேன். ஊட்டவிட்டால் கன்று குடித்த அளவு தெரியாது. 30 கிலோ கன்றுக்கு நாளைக்கு 3 லிட்டர். காலை ஒன்றரை, மாலை ஒன்றரை. அளந்து கொடுத்தால் கழிச்சலும் வராது, வளர்ச்சியும் குறையாது. நடுவில் கன்று இறந்துபோனாலும் மாடு பாலை அடக்காது.

பால்செம்பு:
அண்ணே, அந்த ஒன்றரை லிட்டரைக் காலையில் யார் கொடுப்பது? ஒருவர் கறக்க, ஒருவர் சாணி அள்ள, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நேரம் அது. பால் 38, 39 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். ஆறிய பாலைக் கொடுத்துவிட்டுக் கழிச்சல் வராது என்றால் எப்படி? அவசரத்தில் ரப்பர் காம்பின் துளையைப் பெரிதாக்கிவிடுவார்கள். பால் நுரையீரலில் இறங்கிச் சளிக்காய்ச்சலில் கன்று போய்விடும். வாளியில் தலையைக் கவிழ்த்து மடமடவென்று குடித்தால் பால் நேராகச் செரிக்கும் நான்காம் வயிற்றுக்குப் போகாமல் முதல் வயிற்றில் தங்கிப் புளிக்கும். தாய் மடியில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது.

கிடாரி:
நாட்டு மாடாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெரும்பாலும் கன்று முட்டாமல் அவை பால் விடாது. கலப்பினத்துக்குத்தான் தொழுவம் சொல்வது பொருந்தும். அதுவும் தலைச்சன் ஈத்திலேயே, கன்றை நக்கும் முன் பிரிக்க வேண்டும். இரண்டு மாதம் ஊட்டவிட்டுப் பிறகு பிரிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். மாடு பாலை அடக்கும், உடனே பாலை இறக்கும் ஊசியை (ஆக்ஸிடோசின்) தேடுவார்கள். ஊசிக்குப் பழகிய மாடு பிறகு அது இல்லாமல் சுரப்பு விடாது.

தொழுவம்:
பால்செம்பு சொன்ன ஆபத்துகள் உண்மைதான். ஆனால் அவை கொடுக்கும் முறையில் உள்ள பிழைகள். புட்டியைத் தாய் மடி உயரத்தில் பிடியுங்கள், கன்று கழுத்தை நீட்டிக் குடிக்கும். கறந்த சூட்டோடு கொடுத்தால் காய்ச்சும் வேலையும் இல்லை. இன்னொன்று: கடைசியில் இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதைக் கன்றுக்கு விட்டுவிட்டு, கேனில் கொழுப்பு குறைகிறது என்று புலம்புவதில் பயனில்லை.

பால்செம்பு:
அந்தக் கடைசிப் பாலைக் கன்று உறிஞ்சி எடுப்பதால்தான் மடி காலியாகிறது. கை அவசரத்தில் பாதி விட்டுப்போனால் மடிநோய்க்கு வழி. மடியைக் கழுவித் துடைத்த ஒரு நிமிடத்தில் சுரப்பு இறங்கும். ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். பிள்ளைகள் கத்தினாலோ, நாய் குரைத்தாலோ மாடு மிரண்டு அடக்கிவிடும். கன்று பக்கத்தில் நின்றால் தாய் அசையாமல் நிற்கும்.

கிடாரி:
எந்த முறையானாலும் சீம்பாலில் சமரசம் வேண்டாம். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நேரம் ஆக ஆகக் குடல் எதிர்ப்புச் சக்தியை உள்ளே எடுப்பது குறைந்து, ஒரு நாளில் நின்றுவிடும். கன்று ஊட்டினால் கருப்பையும் சுருங்கும், கொடி விழவும் உதவும். பிரித்து வளர்ப்பவர்கள் பிறந்த உடனே கறந்து புட்டியில் கொடுத்துவிடுங்கள்.

தொழுவம்:
சீம்பாலில் மூவரும் ஒரே பக்கம். பால்செம்பு, கறந்த பிறகு காம்புத் துளை மூட அரை மணி நேரம் ஆகும். நீங்கள் ஊட்டவிடுபவர் என்பதால் கிருமி புகாமல் காம்பை மருந்தில் நனைப்பதை எப்போது செய்வீர்கள்?

பால்செம்பு:
கன்றைப் பிரித்துக் கட்டிய பிறகு. உடனே தீவனம் போட்டு மாட்டைப் படுக்கவிடாமல் நிற்க வைத்தால் போதும்.