புதுப்பிப்பு: ஹாட்யாய் கதை இப்போது தோட்டத்து லயத்தில் தொடங்குகிறது

காதல் முறிந்த நண்பனை மூன்று பேர் தென் தாய்லாந்து நகரமான ஹாட்யாய்க்குக் கூட்டிப்போகும் நகைச்சுவைத் திரைக்கதை. முதல் 20 பக்கத்தில் சிரிப்பே வரவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். "அவன் அழுவதைக் குறைங்க" என்றீர்கள் பலர். குறைக்கவில்லை. இடத்தை மாற்றினேன்.

இப்போது முதல் காட்சி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), விடிகாலை. "பசியாறிட்டுப் போங்கய்யா" என்று அவன் அம்மா நால்வரையும் உட்கார வைக்கிறார். பிரிந்தது அவருக்குத் தெரியாது. "அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது வாங்கிட்டு வாய்யா" என்று 50 வெள்ளியை (ரிங்கிட்) அவன் கையில் திணிக்கிறார். மற்ற மூவரும் தோசையிலிருந்து தலையே தூக்கவில்லை. வாசித்துக் காட்டியபோது என் அக்கா சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு இரண்டுமே வேண்டும்.

அந்த 50 வெள்ளியைக் கடைசிவரை அவன் யாரையும் தொட விடமாட்டான். எல்லாச் சண்டையும் அதிலிருந்துதான்.

பாஸ்போர்ட் தொலையும் காட்சியை எடுத்துவிட்டேன், எல்லாரும் பார்த்த சமாச்சாரம். பதிலாக எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் ரயில் நிலையம். இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையத்தில். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும்போது கைக்கடிகாரத்தை மாற்ற மறந்து, "இன்னும் நேரம் இருக்குடா" என்று நிதானமாகச் சாப்பிடுகிறார்கள். இங்கே ரயில் போய்விடுகிறது. அந்த வெறும் நடைமேடையில்தான் அவன் முதல்முறையாக அவள் பெயரைச் சொல்கிறான்.

ஒன்று மட்டும் பாக்கி. கடைசிக் காட்சியில் அம்மாவிடம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் உண்மையைச் சொல்ல வேண்டுமா, அம்மாவே புரிந்துகொள்ள வேண்டுமா?